அக்கா அனுப்பிய தினை

1

வருஷப் பிறப்பன்று இங்கே பனி கொட்டியது. மாங்காய்ப் பச்சடிக்கு மாங்காயும் கிடையாது, வேப்பம்பூவும் கிடையாது. புளிப்பு ஆப்பிளை நறுக்கிப் பழுப்புச் சர்க்கரை போட்டு ஒன்றைக் கிண்டி, இதுதான் பச்சடி என்று தட்டில் வைத்தேன். என் பெண் ஜயா ஒரு ஸ்பூன் வாயில் போட்டுக்கொண்டாள்.

"போறும் சித்தி, இன்னும் போடாதீங்கோ" என்றாள்.

சித்தி என்றது என்னைத்தான். ஜயாவை நான்தான் பெற்றேன். அதைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

இவர் காட்டுப் படிப்புப் படிக்க அமெரிக்காவின் இந்த வடக்கு மூலைக்குப் புறப்பட்டபோது ஜயாவுக்கு மூன்று வயது. குளிருக்குப் பயந்து, ஒரு வருஷத்தில் வந்து அழைத்துப் போகிறோம் என்று மயிலாப்பூர் தெற்கு மாட வீதியில் இருக்கும் என் அக்கா கோமதியிடம் அவளை விட்டுவிட்டுக் கப்பல் ஏறினோம். நாங்கள் கரை இறங்கிய கொஞ்ச நாளில் யுத்தம் வந்தது. கப்பல்கள் எல்லாம் சிப்பாய்களுக்குப் போய்விட்டன. ஒரு வருஷம் எட்டு வருஷமாயிற்று. அக்காவுக்கு இரண்டு பிள்ளைகள், பெண் இல்லை. அந்தப் பிள்ளைகள் அக்காவை அம்மா என்றார்கள், சுவரில் மாட்டியிருந்த என் போட்டோவைச் சித்தி என்றார்கள். ஜயாவும் அதையே பிடித்துக்கொண்டாள். நம் வீடுகளில் அம்மாவை மன்னி என்றும் அக்கா என்றும் கூப்பிடும் குழந்தைகள் எத்தனையோ உண்டு. யாரும் திருத்துவதில்லை. ஜயாவையும் யாரும் திருத்தவில்லை.

அக்காவை அவள் 'நீ' என்பாள். என்னை 'நீங்கோ' என்கிறாள். விருந்தாளிக்குக் கொடுக்கிற மரியாதை.

யார்மேலும் குற்றம் சொல்ல நான் உட்காரவில்லை. எனக்குப் பொறாமையாக இருக்கிறது, அவ்வளவுதான். இந்தக் குறிப்புகள் முழுக்க அந்த வயிற்றெரிச்சல்தான் இருக்கும். பிடிக்காதவர்கள் பக்கத்தைத் திருப்பி மைசூர்பாகு செய்முறைக்குப் போய்விடலாம்.

2

போன ஐப்பசியில், மதராஸிலிருந்து வந்த ஒரு குடும்பத்தோடு ஜயா கப்பலில் வந்து சேர்ந்தாள். துறைமுகத்தில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்த அதிகாரி அவளிடம் இங்கிலீஷில் உன் அம்மா பெயர் என்ன என்று கேட்டார். மயிலாப்பூர்ப் பள்ளிக்கூடத்து இங்கிலீஷ் அல்லவா, திணறாமல் பதில் சொன்னாள். "கோமதி."

காகிதத்தில் இருந்தது என் பெயர், செண்பகம். அதிகாரி காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒரு பெஞ்சைக் காட்டினார்.

இவர் போய் விளக்கினார். பெற்றவள் இவள், வளர்த்தவள் இவளுடைய அக்கா, எங்களில் பெரியம்மாவும் அம்மாதான் என்றார். இந்த ஊர்க்காரர்களுக்கு அத்தை, மாமி, சித்தி, பெரியம்மா எல்லோரும் ஒரே ஆன்ட்டி. அதிகாரிக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கடைசியில் ஜயாவையே கூப்பிட்டு, என்னைச் சுட்டிக்காட்டி, இந்த அம்மாள் உனக்கு யார் என்று கேட்டார். குழந்தை யோசித்தது. பொய் சொல்லக் கூடாது என்று அக்கா வளர்த்த பெண்.

"மை ஆன்ட்டி" என்றாள்.

மறுபடியும் பெஞ்ச். பிள்ளை பிடிக்கிறவளைப் பார்ப்பதுபோல் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வெகு நேரம் கழித்துப் பெரிய அதிகாரி ஒருவர் வந்து பிறப்புச் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, முத்திரை குத்தி, என் கையைக் குலுக்கி வாழ்த்துச் சொன்னார். சர்க்கார் ஒப்புக்கொண்டுவிட்டது. ஒப்புக்கொள்ள வேண்டியவள் பெட்டிமேல் உட்கார்ந்து அக்கா கட்டிக்கொடுத்த முறுக்கைத் தின்றுகொண்டிருந்தாள்.

வந்த புதிதில் தினமும் அழுதாள். அழுகையை நிறுத்த நான் ஒரு வாக்குக் கொடுத்தேன். லீவுக்குப் பள்ளிக்கூடம் மூடும்வரை இரு, அதற்குமேலும் பிடிக்கவில்லையென்றால் உன்னை அழைத்துவந்த குடும்பம் ஆனி மாதம் ஊர் திரும்புகிறது, அவர்களோடு அனுப்பிவைக்கிறேன் என்றேன். கொஞ்ச நாளில் மறந்துவிடுவாள் என்று நினைத்தேன். அவள் அழுகையை நிறுத்திவிட்டு, கப்பல் படம் ஒன்றைக் கத்தரித்துப் படுக்கைக்கு மேலே ஒட்டினாள். தினமும் காலையில் கண் விழித்ததும் அதைத்தான் பார்க்கிறாள்.

3

என் உத்தியோகத்தைப் பற்றி ஊரில் பலவிதமாகப் பேசிக்கொள்கிறார்களாம். நான் சொல்வதையும் கேளுங்கள்.

இவருடைய கல்லூரிக்கு ஊர் எல்லையில் ஒரு காடு இருக்கிறது. பனிக்காலத்தில் அங்கே பறவைகளும் மான்களும் தீனியில்லாமல் சாகின்றன. அதனால் காட்டு ஓரத்தில் பட்டை பட்டையாகத் தானியம் விதைத்து, அறுக்காமல் அப்படியே விட்டுவிடுவார்கள். கதிர் பனிக்கு மேலே தலை நீட்டிக்கொண்டு நிற்கும், காட்டுக்கோழியும் காடையும் வந்து கொத்தும். யுத்தத்தில் ஆண்பிள்ளைகள் எல்லாம் போனபோது அந்த வேலைக்கு ஆள் இல்லை. நான் போனேன். ஆட்கள் திரும்பி வந்த பிறகும் என்னைப் போகச் சொல்லவில்லை. நம் வீட்டில் கொல்லைப்பக்கம் காக்கைக்கு ஒரு பிடி சாதம் வைக்கிறோம், இங்கே ஏக்கர் கணக்கில் வைக்கிறார்கள், வித்தியாசம் அவ்வளவுதான். ஊட்டி வளர்த்ததை இலையுதிர் காலத்தில் துப்பாக்கி எடுத்துக்கொண்டு வந்து சுடவும் சுடுகிறார்கள். அதை நான் கேட்டுக்கொள்வதில்லை. ரேஷன் கடையில் புழுங்கின அரிசிக்கு வரிசையில் நிற்கும் உங்களிடம், சோளத்தையும் தினையையும் காட்டுக்கோழிக்கு விதைக்கிறேன் என்று எழுத வெட்கமாகவும் இருக்கிறது.

இதில் விதைப்பது பெரிய காரியமில்லை. எப்போது விதைப்பது என்பதுதான் காரியம்.

மார்கழியில் மப்ளர் சுற்றிக்கொண்டு பஜனைக்குப் போகும் மயிலாப்பூர்க்காரர்களுக்கு உறைபனி என்றால் தெரியாது. அது மேகத்திலிருந்து விழுவதில்லை. வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்து, காற்றும் அசையாமல் நின்றுவிட்டால், அன்று விடியற்காலையில் புல்லின்மேல் உப்புத் தூவியதுபோல் வெளுத்துக் கிடக்கும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். வெயில் ஏறினதும் இளஞ்செடியெல்லாம் வெந்த கீரையாகிவிடும். ஓட்ஸும் பட்டாணியும் கெட்டி ஜாதி, சேறு கொஞ்சம் காய்ந்ததுமே போட்டுவிடலாம். சோளம், தினை, சோயா மூன்றும் நம்மூர் மனுஷர்களைப்போல. ஒரு ராத்திரி தாங்காது. அவசரப்பட்டுப் போட்டால் வசந்தகாலத்து உறைபனி கொல்லும். பயந்துகொண்டு தள்ளிப்போட்டால், கதிர் முற்றுவதற்குள் அடுத்த உறைபனி வந்துவிடும். முன்னே போனால் கடிக்கிறது, பின்னே போனால் உதைக்கிறது.

ஓக் மரத்தின் தளிர் அணில் காது அளவுக்கு வந்தால் விதைக்கலாம் என்று இந்த ஊரில் ஒரு கணக்கு. நான் அதற்கு மேலும் கொஞ்ச நாள் பொறுப்பேன். தணிந்த இடமாக இருந்தால் இன்னும் பொறுப்பேன். மாம்பலத்தில் ஏரியைத் தூர்த்து வீடு கட்டினவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். தியாகராய நகர் என்று பெயர் மாற்றினாலும் மழை வந்தால் தண்ணீர் பழைய ஏரியைத் தேடிக்கொண்டு கூடத்துக்குள் வருகிறது. குளிரும் அப்படித்தான், மேட்டிலிருந்து வழிந்து பள்ளத்தில் வந்து தேங்கும். மேட்டுச் செடி சிரித்துக்கொண்டு நிற்கும், பள்ளத்துச் செடி செத்துக் கிடக்கும்.

இத்தனை வருஷத்தில் நான் கற்றுக்கொண்ட ஒரே வித்தை இது. இதிலும் அக்கா வந்து புகுந்தாள்.

4

ஜயாவின் பெட்டியில் அப்பளம், சுண்டைக்காய் வற்றல், பஞ்சாங்கம் இவற்றோடு துணியில் முடிந்த தினையும் இருந்தது. குளத்தங்கரைச் சந்தையில் உமியோடு தேடி வாங்கியிருக்கிறாள் அக்கா. தினைமாவு இடிப்பதற்கு இல்லை, விதைப்பதற்கு.

"அம்மா சொன்னா, சித்தி அங்கே பட்சிகளுக்குப் போடறாளாமே, நம்மாத்துது கொஞ்சம் போடட்டும்னு" என்று ஜயா முடிச்சை என் கையில் வைத்தாள்.

நான் அதை வாங்கி அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன். கையெட்டாத தட்டு.

ஜயா வாயைத் திறந்தால் அக்கா. அக்கா கொல்லையில் நின்று ஒரு தடவை 'கா' என்றால் போதுமாம், ஒரு நொண்டிக் காக்கை முதலில் வந்து நிற்குமாம். சாயங்காலங்களில் கபாலி கோயில் குளத்துப் படியில் உட்கார்ந்து மீனுக்குப் பொரி போடுவார்களாம். அத்திம்பேர் லீவு நாளில் அடையாறு முகத்துவாரத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் வெளிதேசத்துப் பறவைகளைக் காட்டுவாராம். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே காலியான வருஷம், நான் இங்கே சேதி தெரியாமல் பல மாசம் பச்சைத் தண்ணீர் இறங்காமல் கிடந்தேன். ஜயாவுக்கு அது ஒரு உற்சவம்.

"கும்பகோணம் வரைக்கும் ரயில்ல அம்மா மடியிலேயே தூங்கிண்டு போனேன். அம்மாவுக்குக் கால் மரத்துப் போயிடுத்து, ஆனா என்னை எழுப்பவே இல்லை" என்றாள்.

நான் பாத்திரத்தை வேண்டிய அளவுக்கு மேல் தேய்த்தேன்.

மறுநாள் காலையில், அவள் பார்க்கும்போது, பின்வாசல் பனியில் ஒரு பிடி சாதம் வைத்து, 'கா கா' என்று கூப்பிட்டேன். ஒன்றும் வரவில்லை. பக்கத்து வீட்டு நாய்தான் வந்தது. ஜயா சிரிக்கவில்லை. "அம்மா கூப்பிட்டாத்தான் வரும்" என்று சமாதானமாகச் சொன்னாள். ஒரு நொண்டிக் காக்கையின் பேரில் பொறாமைப்பட்ட முதல் மனுஷி நானாகத்தான் இருப்பேன்.

அட்சய திருதியை வந்தது. அந்த வாரம் இங்கே வெயில் என்றால் வெயில், கம்பளிச் சட்டையெல்லாம் கழற்றிவிட்டோம். ஜயா பஞ்சாங்கத்தைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"இன்னிக்குப் போட்டா குறையவே குறையாதுன்னு அம்மா சொல்வா. தினையைப் போடலாமா சித்தி?"

"இன்னும் ஆகலை. குளிர் பாக்கி இருக்கு."

"வெயில் இப்படி அடிக்கறதே. அம்மா சொன்னா..."

"உங்கம்மா சொன்னது மயிலாப்பூர்ல நடக்கும். இது அவ ஆத்துக் கொல்லை இல்லை" என்றேன்.

நான் இல்லாத நேரம் பார்த்து அவள் நாற்காலி போட்டு ஏறி அந்த முடிச்சை எடுத்திருக்கிறாள். அக்கா பிள்ளையின் பூணூலுக்குப் பாலிகை முளைக்க வைத்ததை அவள் கூட இருந்து பார்த்தவள். மண் சட்டியில் தெளிக்கும் நவதானியத்தை முதல் நாளே பால் கலந்த தண்ணீரில் ஊறப்போடுவோம் அல்லவா, அதேபோல் தினையை ஊறவைத்து, முளை கட்டி, காட்டு ஓரம் கொண்டுபோய் விதைத்துவிட்டாள். உலர்ந்த விதையாக இருந்தால் குளிர்ந்த மண்ணுக்குள் பேசாமல் படுத்துக் காத்திருக்கும். முளை விட்ட விதைக்குக் காத்திருக்கத் தெரியாது. இடமாவது மேடாகப் பார்த்தாளா என்றால் அதுவும் இல்லை. தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும் என்று ஓடைக்கரையில், இருப்பதிலேயே பள்ளமான இடத்தில். மதராஸ்காரியின் புத்தி, தண்ணீரைக் கண்டால் விடாது.

பச்சை பச்சையாக வரிசை கிளம்பின பிறகுதான் நான் பார்த்தேன். திட்டவில்லை. உள்ளுக்குள் ஒரு குரல், ஆகட்டும், பார்க்கலாம் என்றது. அது என் குரல்தான்.

5

அன்று மத்தியானம் அடித்துக்கொண்டிருந்த காற்று சாயங்காலம் நின்றுபோயிற்று. மேகம் ஒரு துண்டுகூட இல்லை. சமையல் ஜன்னல் வழியாகப் பார்த்தவுடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் போட வேண்டிய சோளம் இன்னும் மூட்டையில் பத்திரமாக இருக்கிறது. காட்டு ஓரத்தில் குளிர் தாங்காததென்று வெளியே இருப்பது அக்காவின் தினை மட்டும்தான்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. நாளைக் காலையில் போய்ப் பார்க்கட்டும், இந்த ஊரில் யார் பேச்சைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளட்டும் என்று இருந்தேன். வழக்கம்போல் பழைய சாக்கை எடுத்துக்கொண்டு வாசலில் இருந்த தக்காளி நாற்றுகளை மூடப்போனேன். ஜயா படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்கு மூடறீங்கோ?"

"இன்னிக்குப் பனி உறையும்."

அவள் எழுந்து நின்றாள். "என்னோடது?"

நான் சாக்கின் ஓரத்துக்குக் கல் வைத்துக்கொண்டிருந்தேன்.

"சித்தி, என்னோடது செத்துப்போயிடுமா?"

"ஆமாம்."

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. முகம் மட்டும் வந்த புதிதில் அழுத நாட்களில் இருந்ததுபோல் ஆயிற்று. "ஊருக்குப் போனா அம்மாகிட்ட என்ன சொல்றது?" என்றாள், என்னிடமில்லை, தனக்குத்தானே.

போனால் என்றாளே, அந்த வார்த்தை என்னைக் குத்தியது. தினை செத்தால் அவளுக்கு இந்த மண்ணில் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை, பள்ளிக்கூடம் மூடும் நாளைப் பார்த்துக்கொண்டு கப்பல் படத்தின் கீழே படுத்திருப்பாள். அக்கா ஜெயிக்கக் கூடாது என்று நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். நான் மூடிக்கொண்டிருந்தால் ஜெயிப்பதே அக்காதான். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு தக்காளி வரிசை முடிய வேண்டியிருந்தது.

சாக்கு மிச்சம் இல்லை. வீட்டுக்குள் போய் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். நான் இங்கே போட்டுக்கொள்வது கால்சட்டை. பதினெட்டு முழப் புடவைகள் வந்த நாள் முதல் பாச்சை உருண்டையோடு தூங்குகின்றன. அவ்வளவு நீளத்துக்கு இந்த ஊரில் வேறு துணி ஏது? மேலாக இருந்தது அரக்குப் புடவை, என் சீமந்தத்துக்கு அக்கா வடக்கு மாட வீதியில் எடுத்துக் கொடுத்தது. ஜயா வயிற்றில் இருந்தபோது கட்டிக்கொண்டது. முதலில் அதைத்தான் எடுத்தேன். கிழிந்தால் அவள் புடவையே கிழியட்டும் என்ற நல்ல எண்ணம்தான்.

ஜயா பெட்டிக்குள் குனிந்து மோந்து பார்த்தாள். "அம்மா பீரோ வாசனை" என்றாள். அதையும் கேட்டுக்கொண்டேன்.

ஓடைக்கரையில் குளிர் அதற்குள் காலைப் பிடித்தது. வரிசைக்கு இரண்டு பக்கமும் குச்சி நட்டு, செடியைத் தொடாமல் புடவையை மேலே விரித்தோம். அவள் ஒரு தலைப்பு, நான் ஒரு தலைப்பு.

"சித்தி, அந்தப் பக்கம் தொங்கறது பாரு. இழுத்துப் பிடி."

பிடித்தேன்.

"பட்டு வீணாப் போயிடாதோ?"

"போகட்டும்."

"அம்மா கேட்டா?"

"தினைக்குச் சீமந்தம் பண்ணினோம்னு சொல்லு."

அவள் சிரித்துவிட்டாள். வந்து ஏழு மாசத்தில் நான் சொன்ன ஒன்றுக்கு அவள் சிரித்தது அதுதான் முதல். ஓரங்களுக்கெல்லாம் கல் வைத்துவிட்டுத் திரும்பி வரும்போது, இருட்டு முழுக்க வராமல் இருந்தது. என் கையைப் பிடித்துக்கொள்ளவில்லை. பக்கத்தில் நடந்து வந்தாள்.

6

காலையில் புல்வெளி முழுக்க உப்பு. புடவைகள் கஞ்சி போட்டுக் காயவைத்ததுபோல் விறைத்துக் கிடந்தன, ஜரிகையெல்லாம் வெள்ளை. ஜயா ஓடிப்போய் அரக்குப் புடவையின் தலைப்பைத் தூக்கினாள். உள்ளே தினை நின்றுகொண்டிருந்தது. புடவை எட்டாத கடைசி இரண்டு வரிசை மட்டும் மத்தியானத்துக்குள் கறுத்துச் சுருண்டது.

இவர் காபி டம்ளரோடு வந்து பார்த்தார். "கல்லூரியிலே இதை எந்தப் புஸ்தகத்திலேயும் எழுதலை. ஒன்பது கஜத்தைப் பத்தி ஒரு கட்டுரை எழுதட்டுமா?" என்றார். அவருக்கு எல்லாம் வேடிக்கை.

ஜயா மண்டியிட்டு ஒவ்வொரு பயிராகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"கதிர் எப்போ வரும் சித்தி?"

"ஆவணியிலே."

"கப்பல் ஆனியிலேதானே?"

"ஆமாம்."

அவள் விரலை மடக்கிக் கணக்குப் போட்டாள். "அப்போ நான் இல்லாட்டா பறவை தின்னதை யார் பார்த்து அம்மாவுக்கு எழுதுவா?"

நான் எழுதுகிறேன் என்று சொல்லியிருக்கலாம். எனக்கு எழுதத் தெரியும், நீங்களே பார்க்கிறீர்கள். சொல்லவில்லை.

"பறவை தின்ன வர்றது மார்கழியிலேதான். பனி நன்னா விழுந்து வேற தீனி கிடைக்காம போனப்புறம்" என்றேன். பொய் இல்லை. கதிர் முற்றினதுமே ஆவணிக் கடைசியில் சின்னக் குருவிகள் வந்து கொத்த ஆரம்பித்துவிடும் என்பதைத்தான் சொல்லாமல் விட்டேன்.

"மார்கழியா?" என்று யோசித்தாள். "சரி. பார்த்துட்டே போறேன். என்னை அழைச்சுண்டு வந்த மாமாவுக்கு இந்தத் தடவை வரலைன்னு எழுதிடு."

கப்பல் படத்தை அவள் கிழிக்கவில்லை. அது அங்கேயேதான் ஒட்டியிருக்கிறது. அரக்குப் புடவையில் குச்சி குத்தின ஓட்டைகள் மூன்று. துவைத்து மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டேன்.

என் பெண் எனக்காக இங்கே தங்கவில்லை. அக்கா அனுப்பிய தினைக்காகத் தங்குகிறாள். இதை எழுதும்போதும் எனக்கு வயிறு எரிகிறது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் ஓடைக்கரையில் உட்கார்ந்து களை பிடுங்கிக்கொண்டிருக்கிறாள். பயிரோடு ஏதோ பேசுகிறாள், என்னவென்று காதில் விழவில்லை.

அக்கா, இந்தப் பத்திரிகை வந்தால் நீ முதலில் என் பக்கத்தைத்தான் படிப்பாய் என்று தெரியும். கோபித்துக்கொள்ளாதே. அடுத்த பார்சலில் இன்னும் கொஞ்சம் தினை அனுப்பு. சந்தையில் விசாரித்து, கதிர் வர நாள் ஜாஸ்தி எடுக்கிற ஜாதியாகப் பார்த்து அனுப்பு.